காலோடு போன கம்ப்யூட்டர் வயர்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மச்சினன் சூசை, அவனுடைய ஹாம் ரேடியோ கூட்டாளி பாஸ்கர் சார், நான்.

ரேடியோவில் அதிகம் பேரைக் கூப்பிட்டுப் பேசுபவர்களே ஜெயிக்கும் போட்டியில், குத்தாலத்து அணியை ஒருமுறையாவது ஜெயிக்க வேண்டும் என்பது சூசையின் வெறி. ஆளுக்கொரு ரேடியோ, ஒரு கம்ப்யூட்டர். ஒருவர் யாரிடம் பேசினாலும் மற்றவர் திரையில் தெரிய, இரண்டு கம்ப்யூட்டரையும் வயரால் இணைத்திருந்தார்கள். பேசியவரிடமே மறுபடி பேசினால் புள்ளி கிடையாது. வயரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மோட்டாருக்கு மும்முனை கரண்ட் வந்தது. நடவு வயல் காய்ந்து கிடந்தது. ஓடினேன். மடை திறக்கும்போதுதான் காலில் வயர் தொங்குவதைப் பார்த்தேன்.

திரும்பி வந்தால் சூசை தலையில் கைவைத்திருந்தான்.

“என்னன்னு தெரியல அத்தான். நான் கூப்பிடுறவன்லாம் ‘இப்பதானே பேசுனோம்’ங்கிறான்!”

வயரை நீட்டினேன்.

“நல்லா காவல் காத்தீங்க!”

இப்போதெல்லாம் வயரை உத்தரத்தோடு கட்டிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

அன்று குத்தாலத்திடம் தோற்றது மூன்று புள்ளியில்.