மழைக்குத் திருப்பிப் போட்ட சட்டை

நான்காம் வகுப்பு படித்த வருஷத்தில் ஏறக்குறைய ஒரு மாதம், நான் சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். பள்ளிக்கூடச் சீருடை, வீட்டில் போடுவது, குர்ஆன் ஓதப் போகும்போது போடுவது எல்லாமே அப்படித்தான். தையல் மடிப்புகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்க, பழவேற்காட்டுக் கடைத்தெரு வழியாக நான் தலைநிமிர்ந்து நடந்து போனதைப் பார்த்தவர்களுக்கு, நல்ல பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றியிருக்கும். தோன்றட்டும் என்று இருந்தேன். எனக்கு மழை வேண்டியிருந்தது.

மழை எனக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாப்பா ஏரியில் இறால் பிடிப்பவர். ஐப்பசியில் மழை கொட்ட வேண்டும். ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வந்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அடைத்துக் கிடக்கிற மணலை அறுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வரும். அந்த வருஷம் ஐப்பசி பாதிக்கு மேல் போயும் வானம் வெளுத்துக் கிடந்தது. முகத்துவாரம் அடைபட்டு, ஏரி வற்றி, வாப்பாவின் படகு சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நெல்லூர்ப் பக்கம் ஓர் இறால் பண்ணையிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கேயே தங்கிச் செய்கிற வேலை. பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுக்கு வரலாம். வாப்பாவுக்குப் போகப் பிரியமில்லை. மழை வரட்டும் பார்ப்போம் என்று போனில் தவணை சொல்லிக்கொண்டே இருந்தார். ஆக, மழை வந்தால் வாப்பா எங்களோடு இருப்பார், வராவிட்டால் போய்விடுவார். நான்காம் வகுப்புக் கணக்குக்கு அதுவே போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மழைத் தொழுகைக்கு அறிவிப்புச் செய்தார்கள். பெருநாள் தொழுகைக்குப் புதுத்துணி உடுத்திப் போகிறோம் அல்லவா, இதற்கு நேர்மாறு. பழைய துணி உடுத்தி, அத்தர் பூசாமல், தலைகுனிந்து திடலுக்குப் போக வேண்டும். பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். வாயில்லாச் சீவன்களையும் ஓட்டி வரலாம் என்றார்கள். பாவம் செய்யாதவர்களை முன்னால் நிறுத்தினால் அல்லாஹ் இரங்குவான் என்பது நம்பிக்கை. வாப்பா என்னைக் கூட்டிப்போனார். எனக்கும் ஆடுகளுக்கும் ஒரே தகுதியில் அழைப்பு வந்திருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

தொழுகை முடிந்து பிரசங்கத்தின் நடுவே, தொழவைத்த ஹஜ்ரத் மேற்குப் பக்கம் திரும்பி, தோளில் கிடந்த சால்வையை எடுத்து உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். உடனே திடலில் இருந்த ஆண்கள் எல்லோரும் தோள்துண்டைத் திருப்பிப் போட்டார்கள். வாப்பாவும் திருப்பினார். எதற்கு என்று அவர் காதில் கேட்டேன்.

“இப்ப இருக்குற நெலம இதே மாதிரி மாறட்டும்னு. வூட்டுக்குப் போற வரைக்கும் இப்டியே இருக்கணும்.”

வீட்டுக்குப் போகும் வரைக்கும் என்றது என் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும், வீடுவரைக்கும் போதுமென்று யார் முடிவு செய்தது என்று கேட்டிருப்பேன். வேலை முடியும்வரை ஆள் கலையக் கூடாது; மழை வரும்வரை துணி மறுபடி நேராகக் கூடாது. அன்று மாலையே என் எல்லாச் சட்டைகளையும் திருப்பி மடித்து வைத்தேன்.

உம்மா முதலில் திட்டினார். பிறகு கெஞ்சினார். வாத்தியாரம்மா வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தார். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாட்கள் போகப்போக என் ஒருத்தியின் சட்டை போதாது என்று தோன்றியது. தலையணை உறையைத் திருப்பினேன். கொடியில் காய்ந்த வாப்பாவின் பனியனைத் திருப்பி வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டு, விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்குப் போய்விட்டார். படகு சேற்றில் கிடந்தது. வானம் அதே வெளுப்பில் இருந்தது.

“அல்லா குடுக்கலன்னா அதுல ஒரு ஹிக்மத் இருக்கும்” என்பார் உம்மா, அரிசி களைந்துகொண்டே.

“இன்னா ஹிக்மத்து?”

“அது அவனுக்குத்தான் தெரியும்.”

நம் புத்திக்கு எட்டாத ஒரு நன்மை அதில் ஒளிந்திருக்கிறதாம்; தெரிந்தவன் சொல்ல வேண்டியதுதானே என்று எனக்குக் கோபமாக வந்தது. ஓதிக்கொடுக்கிற உஸ்தாதிடமே கேட்டுவிட்டேன். அவர் பொறுமையானவர். எந்த துஆவும் வீண்போகாது என்றார். கேட்டதே கிடைக்கும், இல்லாவிட்டால் நமக்கு வரவிருந்த ஒரு கேடு அதனால் விலகும், அதுவும் இல்லாவிட்டால் மறுமைக்கென்று சேர்த்து வைக்கப்படும். முதலாவது சரி. இரண்டாவதை நான் எப்படிச் சரிபார்ப்பது? மூன்றாவதை நினைத்தால் அழுகை வந்தது. மறுமையில் மழை பெய்து நான் என்ன செய்ய? வாப்பா இங்கே நெல்லூருக்கல்லவா போகப் போகிறார். சட்டையை நேராகப் போடுவதில்லை என்று இன்னும் இறுக்கமாக முடிவு செய்தேன்.

இந்த விவகாரத்தில் என்னை ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்தவள் என் வகுப்புக் கூட்டாளி ஒருத்திதான். பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்துப் பெண். அவளுடைய அம்மா கருவாடு போடுகிறவர். அவளுடைய நைனா கடலுக்குப் போகிறவர்தான், ஆனால் அந்த வருஷம் படகு கரையேறும்போது கால் நசுங்கி, கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் சோறு அந்தக் கருவாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒருநாள் சட்டையின் காரணத்தை நானாகவே அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“எங்கம்மா மழ வரக்கூடாதுன்னு கங்கையம்மாவுக்கு வேண்டிக்கினு கீறா. போன வருசம் மழயில மொத்த நெத்திலியும் புழுத்துப்போச்சு. குழி தோண்டிப் பொதச்சோம்.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

“ஒன் சட்டைய நேரா போடு.”

“மாட்டேன்.”

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் பென்சிலைக் கடன் கேட்டாள், நான் கொடுத்தேன். ஆனால் சட்டை விஷயத்தை இருவரும் தொடவில்லை. யார் வேண்டுதல் ஜெயிக்கிறது பார்ப்போம் என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. அவளுக்குள்ளும் இருந்திருக்கும்.

அடுத்து வந்த சனிக்கிழமை அவள் வீட்டுக்கு விளையாடப் போனேன். குப்பத்துக்குப் பின்னால் மணலில் பழைய வலைகளை விரித்து, அதன்மேல் நெத்திலியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மணல் தெரியவில்லை, அவ்வளவு மீன். மழை பொய்த்ததில் அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு வெயில் சீசன் ஒன்று கூடுதலாகக் கிடைத்திருந்தது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு மீன் வாங்கிக் காயப்போட்டிருந்தார்கள். மதியம் வாடைக்காற்று திடீரென்று குளிர்ந்து அடித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். கடலுக்கு மேலே மேகம். வெறும் மேகம் இல்லை, கறுத்துத் திரண்டு, அடி தொங்கிக்கொண்டு வருகிற மேகம்.

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! திருப்பிப் போட்ட சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்தேன். வந்துவிட்டது. வாப்பா போகமாட்டார்.

“ஐயோ, மானம் கறுத்துக்கினு வருதே!” என்று கூட்டாளியின் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார்.

அதற்குப் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். துடைப்பத்தால் கூட்டினார்கள், கூடையில் அள்ளினார்கள், கைக்குழந்தையை மணலில் உட்காரவைத்துவிட்டுச் சேலை முந்தானையில் வாரினார்கள். நான் மட்டும் குதித்த இடத்திலேயே நின்றேன். அப்போது கூட்டாளியின் நைனா குடிசையிலிருந்து வெளியே வந்தார். நடந்து வரவில்லை. கட்டுப் போட்ட காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்தார். வலையின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்து, கைக்கு எட்டிய மீனையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் உடம்பில் பலமான ஆள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

நான் எப்போது ஓடினேன் என்று எனக்கு நினைவில்லை. குவித்த மீன்மேல் அவர்கள் நீலத் தார்ப்பாயை விரித்தபோது, காற்றில் பறந்த ஒரு மூலையைப் பிடித்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். எதிர்மூலை அடித்துக்கொண்டு எழும்பியது. பிடிக்க ஆள் இல்லை.

அந்த நேரத்தில் வாப்பாவின் மொபெட் மணலில் இறங்கியது. மேகத்தைக் கண்டுவிட்டு, நனைவதற்குள் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன் பல வாரம் பார்த்திருக்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டுப் போட்ட காலோடு மணலில் கிடந்த மனிதரைப் பார்த்தார். வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே மணலில் சாய்த்துவிட்டு ஓடிவந்து, பறந்துகொண்டிருந்த மூலையை இழுத்து முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. உதடுகள் அசைந்தன. மழையே வா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்கத்தானே செய்வார்.

முதல் துளி என் கையில் விழுந்தது. பெரிய துளி, சில்லென்று இருந்தது. அடுத்தது தார்ப்பாயில் டொப்பென்று விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடுத்த நொடி, ஒரு மாதமாக நான் கேட்டதற்கு நேர் எதிரானது என் தொண்டையிலிருந்து கத்தலாக வெளியே வந்தது.

“யா அல்லா, வேணாம்! இப்ப வேணாம்!”

சடசடவென்று கொஞ்சம் தூறியது. காற்று சுழன்றது. கண்ணைத் திறந்தபோது மேகம் தெற்கே ஒதுங்கி, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாததுபோலக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பெண்கள் மூச்சு வாங்கியபடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கூட்டாளியின் அம்மா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு வாப்பாவைப் பார்த்து, “நல்லா இருக்கணும்ணே” என்றார். வாப்பா கையில் ஒட்டிய மீன் செதிலைத் தட்டிக்கொண்டு, வண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

வீடு வரும்வரை அவருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அல்லாஹ்விடம் சண்டை போட்டேன். வாயைத் திறக்காமல்தான். ஒரு மாதம், தினமும் தொழுதுவிட்டுக் கேட்டேன், ஊரே சிரிக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டேன். அதெல்லாம் உன் காதில் விழவில்லை. நல்ல புத்தி இல்லாத நேரத்தில் வாயிலிருந்து விழுந்ததை மட்டும் உடனே பிடித்துக்கொண்டாயா? அதிலாவது ஒரு ஹிக்மத் இருக்கிறதா? வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுக்கொண்டேன். இனிக் கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. உம்மா பார்த்துவிட்டு, பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. வாப்பா நெல்லூருக்குக் கிளம்பினார். அவரை அனுப்ப பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். பொன்னேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. உம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தையும் பையையும் உள்ளே வைத்துவிட்டு, அவர் இறங்கிவந்து என் பக்கத்தில் நின்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அன்னைக்கு தார்ப்பாயப் புடிச்சிக்கினு இன்னா துஆ கேட்டீங்க வாப்பா?”

அவர் என் தலைத்துணியைச் சரிசெய்தார். “நீ இன்னா கேட்டியோ அதத்தான் நானும் கேட்டேன்.”

பாவம் வாப்பா, நான் மழை கேட்டேன் என்று நம்பிக்கொண்டு போகிறார். அவரும் மழை கேட்டிருக்கிறார். அதை நான் கத்திக் கெடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனம் உடைந்துபோவார். சொல்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பஸ் கிளம்பி, அவர் ஜன்னலில் கையை ஆட்டியபோதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான்கைந்து வருஷம் அவர் பெருநாளுக்குப் பெருநாள்தான் வந்தார். அவர் போனதால் எங்களுக்குப் பெரிய வாழ்வு ஒன்றும் வந்துவிடவில்லை. ஹிக்மத்தைத் தேடி எங்கள் வீட்டில் நான் துழாவாத மூலை இல்லை, எங்கும் அகப்படவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த் தேட எனக்குத் தோன்றவில்லை. அங்கே அந்த வருஷம் மூன்று பிள்ளைகளும் பசியில்லாமல் தூங்கினார்கள். ஒவ்வொரு தடவை வாப்பா வந்துபோகும்போதும் என் ரகசியத்தை விழுங்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மனிதர் என்று அவருக்காக இரக்கப்பட்டேன். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்; எதிர்மூலையில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார். என் கத்தல் எதிர்மூலைக்குக் கேட்காமல் போகிற அளவுக்கு அந்தத் தார்ப்பாய் அப்படியொன்றும் பெரிதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.