மாமாவின் வண்டிக்கு வந்த பிக்கப்

அந்த வண்டியை அவர் கெடுத்து வைத்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. திட்டு வாங்கியிருப்பார், மறுபடி பிரித்திருப்பார். ஒழுங்காகச் செய்து கொடுத்ததுதான் வினையாகிப் போனது.

அவருக்கு மூணுகியர் என்று பெயர். சந்தின் எதிர்ப்பக்கத்து டயர் கடைக்காரர் வைத்தது. "அந்த ஆளுக்கு மொத்தமே மூணு கியர்தான். முறைப்பாரு, முணுமுணுப்பாரு, ஷட்டரை இறக்கிட்டுப் போயிடுவாரு" என்று புதிதாக வருகிறவர்களுக்கு அவர் விளக்கம் வேறு சொல்வார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தவிர வேறு வேலையை மூணுகியர் தொடமாட்டார். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அதற்காக ஒரு நாளும் முகம் சுளிக்காதவர் அக்கா புருஷன். அந்த மாமாவின் வண்டிதான் அது.

பழைய காலத்து வண்டி. நீண்ட மூக்கு, முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு, ஸ்டியரிங் கழுத்தில் கியர் குச்சி. மாமா சர்வேயராக இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, ஓய்வு பெற்ற பின்னும் விடாமல் வைத்திருந்தார். ஓடத் தொடங்கிவிட்டால் குறை சொல்ல முடியாது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் பெரும்பாடு. மிதித்தால் எஞ்சின் உறுமும், வண்டி கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் நகரும்.

"மாப்ள, இதுக்குப் பிக்கப்பே இல்லடா" என்றார் மாமா, ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்திவிட்டு. "மெயின் ரோட்டுல ஏர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வருது. நேத்து ஒரு லாரிக்காரன் கீழயே இறங்கி வந்துட்டான். பெரியவரே, வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களான்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. வீட்டுல இருக்கறவ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கா."

அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மூணுகியர் வேலையைத் தொடங்கினார். முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். தீப்பொறி விழும் நேரத்தை இம்மி முன்னால் நகர்த்தினார். மிதித்தவுடன் பெட்ரோலைப் பீச்ச வேண்டிய சின்னப் பம்பு கார்புரேட்டருக்குள் காய்ந்து கிடந்தது, அதை மாற்றினார். மிதியிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் துவண்டிருந்தது, இழுத்துக் கட்டினார். இனி அழுத்தி மிதித்தால் கியர்பாக்ஸ் தானே ஒரு கியர் இறங்கி இழுக்கும். இதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்த மனமில்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு குடம் உண்டு, கன்வெர்ட்டர் என்பார்கள். வண்டி யோசிப்பது அங்கேதான். உடைத்துப்போட்ட வேறொரு வண்டியிலிருந்து, எஞ்சினை நன்றாகச் சுற்றவிட்டு ஒரே பிடியாகப் பிடிக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினார். பின் அச்சின் பல்சக்கரங்களையும் மாற்றினார்.

ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வண்டிக்காரரை ஸ்டியரிங் பக்கம் விடமாட்டார். "ஓனர் கால் பொய் சொல்லும்" என்பார். பழக்கத்தில் வண்டிக்குத் தகுந்தபடி மிதித்துவிடுவார்களாம், குறை வெளியே தெரியாதாம். எனவே தானே ஓட்டுவார், வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். மாமாவும் அப்படித்தான் உட்கார்ந்தார். வண்டி மெயின் ரோட்டில் ஏறியபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மாமா சின்னப் பையன் மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று மூணுகியருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதை யார் கிளப்புகிறார்கள் என்பதை அவர் ஒரு கேள்வியாகவே எண்ணியதில்லை.

டெலிவரி அன்று அக்காவும் கூட வந்தாள். வழியில் ஒரு சாமான் வாங்க வேண்டியிருந்ததால் மூணுகியரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். மாமா கியர் குச்சியை இழுத்தார்.

"ம்" என்றாள் அக்கா. "இன்னும். இன்னும் கொஞ்சம்."

அக்கா இப்படிச் சொல்வது குடும்பத்தில் பழைய கிண்டல். இந்த வண்டிக்கு ரெண்டு டிரைவர், லைசென்ஸ் ஒண்ணு என்பார்கள். ஒரு காலத்தில் மூணுகியரும் அதைச் சொல்லிச் சிரித்தவர்தான்.

"போதும்" என்றாள் அக்கா.

சொல்லி முடிக்கும் முன் வண்டி பாய்ந்துவிட்டது. ஷெட் வாசலைத் தாண்டி, சந்தின் குறுக்கே பாய்ந்துபோய், டயர் கடை முன்னால் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. டயர்கள் நாலு பக்கமும் உருண்டன. அந்த அடுக்குக்குப் பின்னால் குந்தியிருந்த கடைக்காரர் கையில் காற்றுக் குழாயோடு மெதுவாக எழுந்தார். எஞ்சின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அக்கா கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். அவள் கை பலமுறை பழகியதுபோல் நேராகச் சாவிக்குப் போன விதம் மூணுகியருக்குப் பிடிக்கவில்லை.

"டயர் இருந்துச்சு, பொழச்சேன்" என்றார் கடைக்காரர். "இல்லன்னா எனக்குத்தான் பஞ்சர் ஒட்டியிருக்கணும்."

"பாத்தியா பிக்கப்ப" என்றார் மாமா. முகம் வெளுத்திருந்தது. "நல்ல வேளை, பிரேக்கை அமுக்கிட்டேன்."

மூணுகியர் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மாமாவின் வலது கால் ஆக்ஸிலரேட்டரை அடிவரை அழுத்தியபடி இருந்தது. அதற்கும் மாமாவுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அது அங்கே இருந்தது. மூணுகியர் நிமிர்ந்தபோது அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மிக லேசாக அசைத்தாள். சொல்லாதே என்று அர்த்தம்.

"பாக்ஸுல ஒரு சத்தம் வருது மாமா" என்றார் அவர். "வண்டி இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் அக்கா தனியாக வந்தாள். சாப்பாட்டுத் தூக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் மூணுகியர்.

"சர்க்கரை வந்ததுல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா. இப்ப வலது பாதத்துல உணர்ச்சியே சுத்தமாத் தெரியல. எவ்வளவு மிதிக்கிறோம்னு அவருக்குப் புரியாது. நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லிடுவேன்."

"அதான் இன்னும், போதும்னு..."

"நீங்கல்லாம் கேலி பண்ணிட்டிருந்தீங்க."

"அவரு பயந்து பயந்து மிதிச்சிருக்காரு. அதை வண்டியோட குறைன்னு நெனச்சு நான் பிரிச்சிருக்கேன்."



அவர் கைகளைப் பஞ்சுக் கழிவால் துடைத்துக்கொண்டே இருந்தார். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன. எஞ்சின் உறுமி வண்டி நகர்வதற்குள் ஒரு சிறு இடைவெளி இருந்தது. அக்காவின் ஒரு சொல் போய்ச் சேர்வதற்கு அது போதுமானதாக இருந்தது. அந்த இடைவெளியைத் தேடிப் பிடித்து, கழற்றி எறிந்தவர் அவர்.

"ஓட்ட வேண்டாம்னு சொல்லு அக்கா."

"சொன்னா ஓட்ட மாட்டாரு. வெளியவும் போக மாட்டாரு. சுவத்தைப் பாத்து உக்காந்துடுவாரு. அவங்க அப்பா அப்படித்தான் போனாரு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பழையபடி ஆக்கிடுடா. அவர்கிட்ட சொல்லாத."

பழையபடி ஆக்குவது கஷ்டமில்லை. பழைய கன்வெர்ட்டர் மூலையில்தான் கிடந்தது. ஆனால் பழைய வண்டியும் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. மெயின் ரோட்டில் லாரி முன்னால் ஊர்ந்து ஏறுகிற வண்டி அது, முன்சீட்டில் தன்னை வளர்த்த அக்காவை வைத்துக்கொண்டு. வேகமாக்கினாலும் ஆபத்து, மெதுவாக்கினாலும் ஆபத்து. நியாயமான ஒரு காரியமும் மிஞ்சவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். கியர்பாக்ஸை இறக்கி, பாகம் பாகமாகப் பிரித்து மேஜைமேல் பரப்பிவிட்டு, எதையும் செய்யாமல் இருந்தார்.

மாமா தினமும் வரத் தொடங்கினார். நடந்தே வருவார்.

"என்னடா ஆச்சு?"

"ஒரு சீல் கிடைக்கல மாமா."

"நேத்து பேரிங்னு சொன்னே."

"பேரிங் வந்துடுச்சு. இப்ப சீல்."

"வாத்தியார் வீட்டுப்பாடம் கேட்ட மாதிரி முழிக்கிற." மாமா ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். பிரித்துக் கிடக்கும் சக்கரங்களை எடுத்துப் பார்ப்பார், அதே இடத்தில் வைப்பார். வண்டியைப் பார்க்க மாட்டார். அவர் எழுந்து போகும்வரை மூணுகியர் ஒரே நட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். பொய் சொல்வதுகூடப் பரவாயில்லை. அவர் நம்புகிறாரா, நம்பாமல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று தெரியாததுதான் வதைத்தது.

ஒரு நாள் காலை, மாமா வந்து உட்கார்ந்த பிறகு, தரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்புதான், சிந்தியிருக்கும் என்று மூணுகியர் துணியைப் போட்டார். துணி உறிஞ்சிய விதம் வேறு மாதிரி இருந்தது.

"மாமா, காலைத் தூக்குங்க."

"எதுக்கு?"

"தூக்குங்க."

வலது செருப்பின் அடியில் ஒரு ஆணியின் தலை தெரிந்தது. செருப்பைத் துளைத்து உள்ளே போயிருந்தது. மாமா குனிந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இந்த ரத்தம் யாரோடது?" என்று கேட்டார்.

மூணுகியர் செருப்பைக் கழற்றக் குனிந்தார். அதற்குள் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்துவிட்டாள். பார்த்தாள், தூக்கைக் கீழே வைத்தாள், முந்தானையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவள் ஆணியைப் பிடுங்கும்போது மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"வண்டி எப்ப ரெடியாச்சு?" என்று கேட்டார்.

"அன்னைக்கே ரெடி மாமா."

"சீல்?"

"அது எப்பவோ வந்துடுச்சு."

"ம்." மாமா மனைவியின் உச்சந்தலையைப் பார்த்தார். "மாட்டிக் குடு. நான் மட்டும் ஓட்டிக்கறேன். இவ வர வேண்டாம்."

"நான் வருவேன்" என்றாள் அக்கா, கட்டுப்போடும் காலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கதவைப் பூட்டிட்டுப் போவேன்."

"வண்டிக்கு முன்னாடி வந்து நிப்பேன். ஏத்திட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை அவள். கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல் சொன்னாள்.  மாமா மேஜைமேல் கிடந்த பாகங்களை எண்ணுவதுபோல் பார்த்தார். அவள் சொன்னதைச் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

"அப்ப மாட்டாதடா" என்றார் கடைசியில். "அப்படியே கிடக்கட்டும்."

டயர் கடைக்காரர் டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்தார். மாமாவும் அக்காவும் மருத்துவமனைக்குப் போனார்கள். காயம் ஆழம் என்று அக்காவின் முகத்திலேயே தெரிந்தது. மூணுகியர் கூட வருகிறேன் என்றதற்கு மாமா வேண்டாம் என்று கையால் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அவர் வாளியில் தண்ணீர் பிடித்துத் தரையைக் கழுவினார். ஆணி தன் ஷெட்டுடையதாக இருக்கும், தான் கூட்டாமல் விட்டதுதான் என்று முதலில் நினைத்தார். ஆனால் சிவப்புத் தடம் வாசல்படியிலேயே இருந்தது. வாளியோடு வெளியே வந்தார். டயர் கடைக்கு முன்னாலும் இருந்தது. சந்தில், சுவரோரமாக, வலது காலுக்கு மட்டும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் பின்தொடர்ந்தார். ஒன்றுகூட இழுபடவில்லை, ஒன்றுகூடக் கோணவில்லை. நல்ல கால் உள்ள ஒருவர் காற்று வாங்க நடந்துபோன தடம் மாதிரி சம தூரத்தில் விழுந்திருந்தன.

மெயின் ரோட்டு ஓரம்வரை வந்து நின்றார். அங்கே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மாமாவின் வீடு இருந்த எதிர்ப்பக்கத்தில் தடம் தொடர்கிறதா என்று பார்க்க, குறுக்கே கடக்க வேண்டும். வாளியைப் பிடித்தபடி காத்திருந்தார். இடைவெளி வரவில்லை.