முனுசாமி அண்ணனின் கட்டியும் என் மொழிபெயர்ப்பும்

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வேலையில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது கால்வாசி, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது முக்கால்வாசி. அதில் மாட்டிக்கொண்டு விழித்த சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சீட்டுச் சூடு

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த புதிது. காஜா பெராங் ஊர் லோரி டிரைவர் முனுசாமி அண்ணன் உட்கார முடியாமல் வந்து நின்றார். எட்டு மாதமாக ரத்தம். லோரி சீட்டுச் சூட்டில் வந்த மூலம் என்று நினைத்து, வெந்தயமும் மோருமாகக் குடித்துத் தள்ளியிருக்கிறார். டாக்டர் சோதித்துவிட்டு ஆசனவாயில் புற்று என்றார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன்.

"அது காட்டுற எடமா லா, தம்பி?"

அரை வாக்கியம்

ஆசனவாயையே வெட்டியெடுத்துத் தைத்துவிட வேண்டும், இனி ஆயுசுக்கும் மலம் வயிற்றில் போடும் துளை வழியாகத்தான், வேறு வைத்தியம் தன்னிடம் இல்லை என்று வெள்ளைக்கார டாக்டர் நிதானமாக விளக்கினார். கட்டிலைச் சுற்றி அண்ணனின் மாமனாரும் மருமகளும் நிற்கிறார்கள். எப்படிச் சொல்வது? "வயித்துக்குக் கீழ கட்டி, எடுத்துடுவாங்க" என்றேன். அண்ணன் ஆபரேஷன் சம்மதக் கடுதாசியில் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார். டாக்டருக்கு ஆச்சரியம்.

"தமிழ் இவ்வளவு சுருக்கமான மொழியா?"

இடப்பக்கம் ஒரு குறி

நான்காம் நாள், ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம், நர்ஸ் வந்து அண்ணனின் வயிற்றில் இடப்பக்கம் மையால் குறி போட்டாள். "கட்டி கீழ இருக்கு, மேல எதுக்குக் குறி?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். விஷயம் தெரியாத மனுஷனிடம் கைநாட்டு வாங்கிய பாவி நான்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, எந்த இடம், எதை வெட்டுவார்கள், எதைத் தைப்பார்கள், வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அண்ணன் அழுதார். அப்புறம் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டுக் கட்டை விரலை நீட்டினார்.

"அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டு வேற கொண்டா. இப்பத்தான் எதுக்கு வைக்கிறேன்னு தெரியுது."

அண்ணன் பிழைத்தார், அவரைக் காப்பாற்ற டாக்டருக்கு மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது, ஓர் இடத்தின் பெயரைச் சொல்ல எனக்குத்தான் நான்கு நாள் பிடித்தது.