ஜெசிந்தா அக்கா எனக்கு வைத்த வார்த்தை

திங்கட்கிழமை காலை கிழக்குத் தாம்பரத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஜெசிந்தா அக்காவைக் காணோம். எனக்கு முன்பே வந்து நிற்கிறவர். "ரெண்டு நிமிஷம் பாக்கலாம்ணா" என்றேன். டிரைவர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த மேடம் இனிமே வரமாட்டாங்கம்மா. நேத்து சாயந்திரம் ஹார்ட் அட்டாக்காம்."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அந்த நொடியில் என் காதுக்குள் அக்காவின் குரல் தெளிவாக "லகோனிக்" என்றது. பேச்சைச் சுருக்குபவர் என்று பொருள். டிரைவர் அண்ணனுக்கு அந்த வார்த்தையை வைத்தவர் அக்காதான். நான் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா அவர்கள் சிறுசேரியில் எங்கள் டெஸ்டிங் டீமின் சீனியர். அம்மாவும் அவருமாகச் சேலையூரில் இருந்தார்கள். நாற்பது வயதில், வெளிநாட்டில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதப்போவதாக ஒருநாள் பஸ்ஸில் அறிவித்தார். "இந்த வயசுல எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டேன்.

"தினம் இந்தப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பாத்துப் பாத்து, அதப் பத்தி முறையா படிக்கணும்னு ஆசை வந்துடுச்சு நசீமா. நீயும் எழுதேன். ஏசி சரியில்ல, சாம்பார் சரியில்லன்னு மொணமொணத்துட்டு வர்ற நேரத்துல நாலு வார்த்தை படிக்கலாம்ல?"

கணக்குப் பகுதி எங்களுக்கு ஊதித்தள்ளும் விஷயம். காலை வாரியது ஆங்கில வார்த்தைகள்தான். ஒருத்தரும் வாயால் பேசாத வார்த்தைகள்! காலையில் படித்தால் மத்தியானம் காணாமல் போய்விடும். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு வார்த்தையையும் எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளின் மேல் ஒட்டினார். பெரிய அதிகாரி வந்தால் குழைந்து நெளியும் எங்கள் மேனேஜர், 'அப்சீக்வியஸ்'. மேடவாக்கத்தில் ஏறியதுமே டிபன் பாக்ஸைத் திறக்கும் தம்பி, 'வொரேஷியஸ்'. "புஸ்தகத்துல இருக்கிற வரைக்கும் அது செத்த வார்த்தை. ஆளு மேல ஒட்டினாதான் உயிர் வரும்" என்பார்.

எங்கள் இருவருக்கும்கூட வார்த்தை உண்டு. நான் அவருக்கு வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர் எனக்கு வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். "எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு ரெண்டு பேரும் சொல்லிக்கலாம். இப்பவே சொன்னா நீ அதுக்கேத்த மாதிரி நடிக்க ஆரம்பிச்சுடுவே" என்று சிரித்தார்.

என் வார்த்தை 'குவெருலஸ்' ஆகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எதற்கெடுத்தாலும் குறை சொல்பவர். வேறென்ன கிடைக்கும் எனக்கு? பஸ்ஸில் தலை சுற்றும் என்பதால் ஜன்னல் சீட் என்னுடையது. மேடவாக்கம் தாண்டியதும் அக்கா சதுப்பு நிலம் பார்ப்பதற்காக எழுந்து இடம் விடுவேன். அதையும் முனகிக்கொண்டேதான் செய்வேன். "சீக்கிரம் பாருங்க, எனக்கு வாந்தி வருது" என்பேன்.

அன்று ஆபீஸ் போகவில்லை. நேரே சேலையூருக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சொல்லாமல் போய்விட்டீர்களே! என்னை யாரென்று நினைத்திருந்தீர்கள் என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்காவின் அம்மா, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஸ்டால்வர்ட் வந்துடுச்சா?" உறவினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும்மா அது?" என்றார் ஒருவர்.

"பேரு கேட்டு நானும் யாரோ ஆம்பளைன்னுதான் நெனச்சேன். வீட்டுக்கு வந்தா ஸ்டால்வர்ட் இப்படிச் சொல்லிச்சு, ஸ்டால்வர்ட் அப்படித் திட்டிச்சுன்னு அதே பேச்சுதான். கேட்டா, இல்லம்மா, பொண்ணுதான்னு சொன்னா. பஸ்ல இவளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுக்குமே, அந்தப் பொண்ணு."

அது மனிதர் பெயரில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என்ன வந்தாலும் பக்கத்தில் அசையாமல் நிற்பவர் என்று பொருள். அதுவரை வராத அழுகை அப்போது வெடித்துக்கொண்டு வந்தது. அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வந்துட்டேம்மா" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா ஸ்டால்வர்ட்" என்றார்கள். என் உண்மைப் பெயரை நான் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

வார்த்தைகள் இன்னும் உயிரோடு பஸ்ஸில் ஏறி இறங்குகின்றன. டிபன் பாக்ஸ் திறந்தால் அக்கா குரல். மேனேஜர் குழைந்தால் அக்கா குரல். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் நின்றுவிட்டால் தாங்கமாட்டேன். தேர்வு அடுத்த மாதம். எழுதப் போகிறேன். அந்தக் கூடத்திலும் அவர் பேசாமல் இருக்கமாட்டார்.

அக்கா, நாம் பேசிவைத்தபடி உங்களுக்கு நான் வைத்ததையும் சொல்லிவிடுகிறேன்: 'இன்டிஃபாட்டிகபிள்'. களைப்பே அறியாதவர். தப்பாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது. தூங்குங்கள்.

இன்று காலையும் மேடவாக்கம் தாண்டியதும் முனகிக்கொண்டே எழுந்து, ஜன்னல் சீட்டை உங்களுக்கு விட்டேன்.