எங்கள் குசினிக்குள் நீண்ட படகு

வெள்ளவத்தைக் கால்வாய்க்கரையில் புதிதாய் எழும்பிய அடுக்குமாடியில் இன்று கதவுகளுக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை ஏறியதுமே, அதே இடத்தில் இருந்த பல்கலைக்கழகப் படகோட்டிகளின் முதல் கொட்டில் எனக்குள் எழுந்து நின்றது. கொட்டில் என்றால் முன்பு பலகை விற்ற, தகரக் கூரை போட்ட பழைய மரக்காலை. அதைவிட அவர்களுடைய ஒரே படகு நீளம். ஆகவே எங்கள் வீட்டோடு ஒட்டிய சுவரில் ஓட்டை போட்டார்கள், வார்னிஷ் மினுங்கும் படகின் மூக்கு எங்கள் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நீண்டு கிடந்தது. விடியற்காலையில் அது சர்ரென்று வெளியேறும் சத்தத்தில்தான் நான் விழிப்பேன். திரும்பி வந்து நீர் சொட்டச் சொட்ட மூக்கை நீட்டியதும், துடைத்துவிட்டு அம்மா அதில் கைத்துண்டு போடுவார், நான் பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டிக் காயவிடுவேன்.

போட்டியன்று வழமையைவிட நேரத்தோடு படகை இழுத்துவிட்டார்கள். என் சிவப்பு ரிப்பன்களில் ஒன்றும் அதோடு போய்விட்டது. துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டியல்லவா இருப்பார்கள், நால்வரும் அதைக் காணவில்லை. கரையில் நின்ற நாங்கள் கண்டோம். இரண்டு படகுகள் சமமாய்ப் பாய்ந்து வர, எல்லையை முதலில் தாண்டியது அந்தச் சிவப்புத்தான்!

மாலையில் அம்மா அதை அவிழ்க்கப் போக, ஓட்டைக்குள் படகோட்டிகளின் கப்டன் அண்ணாவின் முகம் தெரிந்தது.

“அன்ரி, அவிழ்க்காதேங்கோ! இனி அது எங்கட படகுக்குச் சொந்தம்.”

“அப்ப பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எதைக் கட்டுறது?”

“ஒண்டு காணும் அம்மா, ரெண்டு வேண்டாம்!” என்று கத்தினேன் நான்.

மறுநாள் இரட்டைப் பின்னலில் ஒற்றை ரிப்பனோடு போய், மற்றது எங்கே என்று ரீச்சர் கேட்கமாட்டாரா என்று முதல் பாடம் முழுக்கத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.