தகரம் அடிக்காத தெரு

கொரோனா வந்த கோடையில் எங்கள் வீட்டு ஆண்கள் இருவர் வெளிநாட்டில் இருந்தார்கள். கணவரின் அண்ணன் சிங்கப்பூரில், கணவர் குவைத்தில். ஆரணியில் மாமியார், நான், கைக்குழந்தை.

சிங்கப்பூர், அறையை விட்டு வெளியே வராதே என்றது. அண்ணனுக்குச் சோற்றுப் பொட்டலம் கதவுக்கே வந்தது. குவைத்து, விசா முடிந்தவர்கள் அபராதம் கட்டாமல் கிளம்பலாம், டிக்கெட்டும் தருகிறோம் என்றது. என் கணவர் சமையல் செய்த கம்பெனி மூடிப்போய் விசாவும் முடிந்திருந்ததால், அவர் பெயர் கொடுத்துவிட்டு முகாமில் போய்ப் படுத்துக்கொண்டார். நம் நாடோ விமானம் எதையும் இறங்கவிடவில்லை. நான் மூன்று நாட்டுச் செய்திகளையும் போனில் மாற்றி மாற்றிப் பார்த்தபடி, குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன உள்ள வச்சிப் பூட்டிட்டாங்க. எனக்குக் கதவத் தொறந்து வுட்டுட்டாங்க, போறதுக்குத்தான் எடமில்ல" என்று கணவர் போனில் சிரித்தார்.

ஒருவழியாக விமானம் விட்டார்கள். அவர் சென்னையில் இறங்கி, அரசு ஒதுக்கிய ஒரு கல்லூரி விடுதியில் தனியாக வைக்கப்பட்டிருந்தார். அந்தச் சேதி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா முகக்கவசத்தோடு வந்து, வாசலிலேயே தள்ளி நின்றாள்.

"உங்க வூட்டுக்காரு வந்துட்டாராமே. நல்லதும்மா, புள்ள அப்பன் மூஞ்சியப் பாக்கட்டும். ஆனா தகரம் அடிச்சிட்டாங்கன்னா நாங்க பாவ எங்க நீட்டறது? எல்லார் வூட்லயும் தறி காலியா கெடக்குது."

எங்கள் தெருவில் பாவு நீட்டுவது ஒரு வீட்டோடு முடிகிற வேலை அல்ல. பட்டிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் இழை பிரித்துவிட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆளாவது வந்து நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் தறியில் ஏற்ற முடியும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தாலோ, வீட்டுக் கதவில் சீட்டு ஒட்டி, தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் அப்படித்தான் அடித்தார்கள்.

மறுநாள் அவர் போன் செய்தார். விடுதியிலிருந்து எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கேட்கிறார்களாம்.

"சந்தவாசல்ல எங்கம்மா வூடு இருக்குதில்லங்க. பின்னால கொல்லிப்பக்கம் தனி ரூம்பு. கொஞ்ச நாளைக்கு மட்டும்."

"தெருவுல எதனா சொன்னாங்களா?"

"பாவு நீட்டணுமாம்."

"அதுவும் நியாயந்தான்" என்றார். பிறகு, "நீ இன்னா சொல்ற?"

குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும் பயமாத்தாங்க இருக்குது" என்றேன்.

"சரி."

அப்படித்தான் அவர் குவைத்திலிருந்து வந்தும், ஒரு பேருந்து தூரத்தில் இருந்துகொண்டு எங்களோடு வீடியோ காலில் பேசினார். என் அம்மா சாப்பாட்டை அறை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாளாம். "இப்ப நானும் சிங்கப்பூர்லதான் இருக்கறேன்" என்றார். மாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனிமைக் காலம் முடிந்து அவர் தெருவுக்கு வந்தபோது எல்லோரும் அன்பாகத்தான் விசாரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா கீரைக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அவர் துணிப்பையில் நாலு சட்டை மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"பெட்டி எங்கங்க?"

"அங்கியே இருக்கட்டும். ஜல்தி இன்னா?"

களம்பூர் ரைஸ் மில்லில் கொஞ்ச காலம் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். குவைத்து மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியதும் விசாவுக்கு எழுதிப்போட்டார். என்னைக் கேட்கவில்லை, விசா வந்த பிறகுதான் சொன்னார். சந்தவாசல் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார்.

தெருவுக்கே வாங்க என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் இங்கேயே இருந்திருப்பாரா, தெரியவில்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்றும் உடனே தோன்றுகிறது. இப்போது போனில், அங்கே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்கிறார். இங்கேயும்தாங்க என்கிறேன்.