அணைத்து வைத்த ரேடியோ

கேட்காததைக் கேட்டதாக ஒரு பெண்ணிடம் நான்கு நாள் பொய் சொன்னேன். அவருடைய கணவரின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்று மடங்காமல் இருப்பதில் எனக்கும் பங்கு உண்டு.

அரியலூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். அமெச்சூர் ரேடியோ என் நெடுநாள் பழக்கம். தேர்வெழுதி அரசாங்க லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வது. லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் வளைகுடாவில் இழுவைப் படகில் வேலை பார்த்தார். மாதக்கணக்கில் படகிலேயே குடியிருப்பு. கரையை விட்டால் செல்போன் எடுக்காது. சேட்டிலைட் போன் கேப்டன் கையில். விடுப்பில் வந்தபோது என் செட்டைப் பார்த்து ஆசைப்பட்டார். "லைசென்ஸ் இல்லாம மைக்கைத் தொடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லித் தேர்வெழுத வைத்தேன். படகிலிருந்து பேசக் கேப்டனிடம் எழுத்தில் அனுமதியும் வாங்கச் சொன்னேன்.

அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கு அவர் கூப்பிடுவார். ஏழரைக்கு அவர் மனைவி எனக்குப் போன் செய்து கணவரின் நலம் விசாரிப்பார்.

ஒரு மாலை வேறெதையோ தேடும்போதுதான் என் லைசென்ஸ் காலாவதியாகி ஐந்து மாதம் ஆனது தெரிந்தது. இனிப் பேசக் கூடாது. செட்டைப் போட்டால் அவர் கூப்பிடுவது காதில் விழும், பதில் சொல்ல முடியாது. அதனால் மறுநாள் போடவே இல்லை. காரணத்தை அந்தப் பெண்ணிடம் சொல்ல வெட்கம்.

"பேசுனாங்களா சார்?"

"பேசுனாரும்மா. நல்லா இருக்காரு."

"என்ன சாப்புட்டாங்களாம்?"

"மீன் கொழம்பாம்."

"இன்னிக்கும் மீனா? வூட்டுக்கு வர்றப்ப செதில் மொளச்சிருக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை எஞ்சின் அறையில் வெந்நீர்க் குழாய் வெடித்து அவர் கை வெந்துபோனது. கேப்டன் களிம்பு தடவி விட்டதோடு சரி. இவருடைய மனைவியின் அண்ணன் அதே கம்பெனியின் கரை ஆபீஸில் இருந்தார். அவருக்குச் செய்தி போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று, கை வெந்தவர் மூன்று காலை என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மூன்று காலையும் நான் மீன் குழம்பு சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் மாலை படகு கரைக்கு வந்தபோது புண் சீழ் வைத்திருந்தது.

அவர் ஊர் திரும்பியதும் பார்க்கப் போனேன். கையில் கட்டு.

"ரேடியோ ரிப்பேரா சார்? ரொம்பக் கூப்புட்டேன்."

ஆமாம் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். மனைவி டீயோடு நின்றிருந்தார்.

"ரிப்பேர் இல்ல தம்பி. என் லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அணைச்சு வச்சுட்டேன்."

"அப்ப எங்கிட்டச் சொன்னதெல்லாம்?" என்றார் அவர் மனைவி.

"நானாச் சொன்னதும்மா."

டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

லைசென்ஸைப் புதுப்பித்தேன். பிறகு ஒருநாள் போய், அவர் மனைவியும் தேர்வெழுதினால் நேராகவே பேசலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றேன்.

"நீங்க சொல்லித் தர வேணாம் சார். புத்தகத்தக் குடுங்க, போதும்."

கணவர் விடுப்பில் இருந்த மாதங்களில் அவரிடமே படித்துத் தேறினார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் என்னுடைய இரண்டாவது செட்டைக் கொடுத்தேன். மறுக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கணவர் மொட்டைமாடியில் ஏரியல் கம்பி கட்டிக் கொடுத்துவிட்டுப் படகுக்குத் திரும்பினார். ஏழு மணிக்கு இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குறுக்கே பேச மாட்டேன். ஏழரைக்குப் போன் வருவதில்லை.

போன மாதம் ஒரு காலை, அவர் வீட்டுப் பக்கத்து வெல்டிங் பட்டறையின் இரைச்சலில் கணவர் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. நான்கைந்து முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, ரேடியோவில் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் என் அழைப்புக் குறியைச் சொன்னார்.

"சார், உங்களுக்குக் கேக்குதா?"

"தெளிவாக் கேக்குதும்மா."

"அவங்க சொல்றத அப்படியே சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சேக்க வேணாம்."

வெரல் வலிக்குது, கயிறு இழுக்க முடியல, வேற வேல கேட்டிருக்கேன் என்றார் கணவர். ஒரு சொல் விடாமல் சொன்னேன்.